அவள் கடைசியில் என்ன ஆகிறாள்?

எங்கள் சபையில் பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அறவே பிடிக்காது. ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பத்தாவதுல நானூறுக்கு மேல, பன்னெண்டாவதுல ஐந்நூறுக்கு மேல எடுத்த பிள்ளைங்க எல்லாம் முன்னாடி வாங்க" என்பார். ஏழெட்டுப் பிள்ளைகள் போய் நிற்பார்கள். போதகர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். ஆளுக்கொரு பை கொடுப்பார்கள். மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வந்துவிடும், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே மார்க்கோடு.

மற்ற பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய அம்மா அப்பாக்கள் பாட்டுப் புத்தகத்தை விரித்து, ஏற்கெனவே பாடி முடித்த பாட்டை மறுபடி படித்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டு நானும் சும்மாதான் இருந்தேன். என் நாத்தனார் மகளுக்கு ரிசல்ட் வந்த வருஷம்தான் முடியவில்லை. நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பத்தாவது ஃபெயில். ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். வெள்ளானூர்ப் பக்கம் புதிதாக முளைத்திருக்கும் வீடுகளிலிருந்து இருபது பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஆவடியில் மூன்று பள்ளிக்கூடங்களில் இறக்கிவிடுவாள். அவள் மகள் பன்னிரண்டாவது பாஸ். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லாத பாஸ்.

அந்த ஞாயிறு அறிவிப்பு தொடங்கியதும் அந்தப் பெண் எழுந்து வெளியே போனாள். பத்து நிமிஷம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, மே மாத வெயிலில் இரண்டு பைக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க என்னம்மா பண்ற?"

"உள்ள ஃபேன் ஓடல அத்தை."

உள்ளே எட்டு ஃபேன்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாகப் போதகரின் ஜெபம் கேட்டது, "இந்தப் பிள்ளைகளை வாலாக்காமல் தலையாக்குவீர் ஆண்டவரே" என்று. எனக்கு வந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த வாரமே எழுத ஆரம்பித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். சபைக்குக் கிறிஸ்துமஸ் நாடகம், ஞாயிறு பள்ளி நாடகம் என்று பத்து வருஷமாக எழுதித் தருவது நான்தான். மேய்ப்பர்களுக்குத் தாடி ஒட்டி, தேவதூதனின் இறக்கை கழன்று விழாமல் ஊக்கு குத்தி அனுப்பியே பாதி ஆயுள் போயிருக்கிறது. ஆகஸ்டில் சபை நாள் விழா. அதற்கு இந்த முறை வேறு மாதிரி ஒன்று என்று முடிவு செய்துகொண்டேன். சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டு நோட்டில் எழுதினேன்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வீடு. ரிசல்ட் வந்த காலையிலிருந்து ஞாயிறு தாண்டி மறுநாள் காலை வரை. ஒரு பெண் குறைவாக மார்க் எடுக்கிறாள். போன் வருகிறது, பக்கத்து வீடு எட்டிப் பார்க்கிறது, சபையில் பேர் வாசிக்கிறார்கள், அவள் பேர் இல்லை. வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா பேசுகிறாள். சாப்பிடுகிறார்கள். விடிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். விளக்கு அணைகிறது. அவ்வளவுதான்.

கமிட்டியில் வாசித்துக் காட்டினேன். முடித்த பிறகும் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி சிஸ்டர்," என்றார் செயலாளர். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சபைக்காக ஓடி ஓடி உழைக்கிற மனிதர்தான், அதை மறுக்க மாட்டேன். "அவ கடைசில என்ன ஆகுறா?"

"தண்ணி பிடிக்கப் போறா."

"அதில்ல. அப்புறம். கலெக்டர் ஆகுறாளா?"

"இல்லைங்க பிரதர்."

"பின்ன? பத்து வருஷம் கழிச்சி அவ கார்ல வந்து இறங்குற மாதிரி ஒரு சீன் வெச்சிடுங்களேன். கைத்தட்டு பிச்சிக்கும்."

வாலிபர் சங்கத் தலைவன், நல்ல பையன், உதவுகிற எண்ணத்தில் சொன்னான்: "படிப்பு வேணாம்னா ஸ்போர்ட்ஸ் வெக்கலாம் ஆன்ட்டி. மார்க் கம்மி, ஆனா கபடில இந்தியாவுக்கு விளையாடுறா."

போதகர் இன்னும் மென்மையாக வந்தார். "ஆண்டவர் அவளை உயர்த்தினார்னு ஒரு சாட்சியா முடிச்சா சபைக்குப் பிரயோஜனமா இருக்கும்மா. வெளிநாட்டுல நர்ஸ் மாதிரி..."

"ஐயா, உயர்த்தலன்னா அவ அவருக்கு வேணாமா?"

அதற்குள் டீ வந்துவிட்டது.

மூன்று வாரம் இதே பேச்சு. மார்க் முக்கியமில்லை என்று எல்லோருமே ஒத்துக்கொண்டார்கள். முக்கியமில்லாத அந்த மார்க்குக்குப் பதிலாக ஒரு காராவது, கப்பாவது, விசாவாவது அந்தப் பெண்ணின் கையில் கொடுக்காமல் அவளை மேடையை விட்டு இறக்க யாருக்கும் மனம் வரவில்லை. நான் சினிமா பார்க்கிறவள்தான், எனக்கும் அது புரிகிறது. மக்கு என்று எல்லோரும் சிரித்தவன் கடைசியில் ஜெயித்தால்தான் நமக்குத் திருப்தி. ஜெயிக்காதவனை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் வேனில், எங்கள் கம்பெனியில், எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அவர்கள்தானே!

மூன்றாவது கூட்டத்துக்கு நாத்தனாரும் வந்திருந்தாள். நாடகத்தில் அம்மா வேஷம் அவளுக்கு, மகள் வேஷம் வாலிபர் சங்கத்துப் பெண் ஒருத்திக்கு. யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவாள். செயலாளர் மைக்கைத் தட்டுவதை அவள் செய்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

செயலாளர் அன்றைக்குக் களைப்பாக இருந்தார். "சிஸ்டர், மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். "படிக்காதவங்க தங்களுக்கு ஆறுதலுக்கு இப்படி எதையாவது எழுதுறது சகஜம். ஆனா இதைப் பாத்துட்டுப் படிக்கிற புள்ளையும் படிக்காம போயிட்டா யாரு ஜவாப்தாரி?"

"நான் ஆயிரத்து நூத்திப் பதினெட்டு," என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. ஆயிரத்து இருநூறுக்கு. பள்ளியில் முதல் மார்க். அப்பா இறந்துவிட்டதால் கல்லூரிக்குப் போகவில்லை. இருபத்தைந்து வருஷமாக நானே யாரிடமும் சொல்லாத எண்.

அறையில் எல்லோர் முகமும் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். "ஆயிரத்து நூத்திப் பதினெட்டா? அந்தக் காலத்துலயா?" என்றார் செயலாளர். எழுந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து எனக்குப் போட்டார். மூன்று வாரமாக நான் பெஞ்சு நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். "சொல்லவே இல்லையே சிஸ்டர்! இவ்ளோ மார்க் எடுத்தவங்களே மார்க் முக்கியமில்லன்னு சொன்னா அது வேற. அதுல ஒரு வெயிட் இருக்கு." போதகர் தலையசைத்தார். ஐந்து நிமிஷத்தில் நாடகத்துக்கு அனுமதி கிடைத்தது, ஒரு வரி மாற்றாமல்.

ஸ்கூட்டியில் நாத்தனாரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திரும்பினேன். அவள் வீட்டு வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"நீ அத சொல்லாம இருந்துக்கலாம் அண்ணி."

"வேற வழி தெரியலடி. கோவத்துல..."

"அவரு உனுக்கு சேர் போட்டாரு. நா அங்கியேதான் நின்னுகினு இருந்தேன். எனுக்கு யாரும் போடல." சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் ஒத்திகைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. போன் செய்தால், "வண்டில கீறேன், அப்பால பேசு" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, முதலில். யாருக்காக இத்தனை பாடு படுகிறேன்? பிறகு என் மேல் வந்தது. மார்க்கை வைத்து மனிதனை அளக்காதே என்று சொல்லும் நாடகம் என் மார்க்கைக் காட்டித்தான் மேடைக்கு வழி வாங்கியிருக்கிறது. இதில் யாரைக் குறை சொல்வது? செயலாளரையா?

சனிக்கிழமை அவள் வீட்டுக்கே போனேன். அவள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி டயருக்குத் தண்ணீர் அடித்தாள். உள்ளே மகள் மட்டும் இருந்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு கேட்டாள்:

"அத்தை, அந்த நாடகம் என்னை வெச்சுதானே எழுதினீங்க?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "ஆமா."

"என்கிட்ட கேக்கவே இல்லையே."

உண்மைதான். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதிக்கொண்டிருந்த அத்தனை நாளும் நான் அவளுக்கு நல்லது செய்துகொண்டிருப்பதாகவே நினைத்திருந்தேன்.

"ரிசல்ட் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இப்பதான் எல்லாரும் கேக்குறத நிறுத்தி இருக்காங்க," என்றாள். "இப்ப மைக் வெச்சு, லைட் போட்டு, மறுபடியும் சொல்லப்போறீங்க."

"வேணாம்னா நிறுத்திடறேன்மா. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"நிறுத்த வேணாம். ஆனா அந்தப் பொண்ணு அழக்கூடாது. நான் அழல. நீங்க நாலு இடத்துல அழ வெச்சிருக்கீங்க. அப்புறம், மார்க்கு எவ்ளோன்னு நாடகத்துல எங்கயுமே வரக்கூடாது. யாரு வாயிலயும்."

நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். பேனாவை வாங்கி அவளே அடித்தாள். நாலு அழுகையும் போயிற்று. எண் வந்த ஏழு இடமும் போயிற்று. நான் ரசித்து ரசித்து எழுதிய வசனங்கள் சில அதோடு சேர்ந்து போயின. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

அதற்குள் நாத்தனார் கை ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். நோட்டை வாங்கி, அம்மா பேசுகிற இடத்தைத் தேடி எடுத்தாள். ஒன்றரைப் பக்கம். மகளை மடியில் சாய்த்துக்கொண்டு அம்மா சொல்லும் ஆறுதல். ஒத்திகையில் நான் அதைப் படித்தபோது ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

"இன்னா அண்ணி இது? எந்த அம்மா இப்டி பேசுவா?"

"பேசணும்னு தானே..."

"நா இன்னா பண்ணேன் தெரியுமா ரிசல்ட் அன்னிக்கி?" மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். "அடிச்சேன். ஓங்கி, கன்னத்துல. வேன்ல அத்தினி பசங்கள ஏத்திகினு போறேன், ஒவ்வொரு அம்மாவும் வாசல்ல நின்னு 'உங்க பொண்ணு எவ்ளோ'ன்னு கேக்குறா. ஊட்டுக்கு வந்ததும் இவ டிவி பாத்துகினு இருந்தா. போட்டேன் ஒண்ணு. அப்பால சோறாக்கினேன். இவ துன்னல. நானும் துன்னல. ஒம்போது மணிக்கி இவளே ரெண்டு தட்டு எடுத்தாந்து வெச்சா."

எனக்கு அது தெரியாது. அந்த வீட்டில் அடி விழுந்திருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. மார்க்கைப் பெரிதாக நினைப்பவர்கள் சபை கமிட்டியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் மட்டும் இருப்பதாக எழுதி வைத்திருந்தேன்.

"இத போடு," என்றாள். "இத போட்டா நா வரேன்."

ஒன்றரைப் பக்கத்தையும் அடித்தேன். அந்தக் காட்சியில் இப்போது மொத்தம் ஆறு வசனம்தான். அம்மா அடிக்கிறாள். சமைக்கிறாள். இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மகள் தட்டு எடுத்து வருகிறாள். அந்த இடத்தில் வேண்டுமென்றே நீண்ட மௌனம். ஒத்திகையில் அதைக் காப்பாற்றத்தான் பெரும்பாடு பட்டேன். கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒவ்வொரு முறையும் உருக்கமாக எதையாவது வாசிக்க ஆரம்பித்துவிடுவான்.

சபை நாள் அன்று சாயங்காலம் ஹால் நிறைந்திருந்தது. தெர்மாகோல் கதவு ஒன்று, பாய் ஒன்று, இரண்டு எவர்சில்வர் தட்டு. தொடங்குவதற்கு முன் செயலாளர் மைக்கைத் தட்டினார். என்னைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் மூன்று தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். "இந்த நாடகத்தை எழுதிய சகோதரி, தன் காலத்தில் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு மதிப்பெண்..." என்று ஆரம்பித்தார். கைத்தட்டல். திரைக்குப் பின்னால் நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். நாத்தனார் புடவையைச் செருகிக்கொண்டே, "உடு அண்ணி, அவரு அப்டித்தான்" என்றாள். இவள் என்னைத் தேற்றுகிற நிலைமை!

நாடகம் நன்றாகத்தான் போனது. அடிக்கிற இடத்தில் ஹாலில் ஒரு சலசலப்பு எழுந்து, உடனே அடங்கியது. மௌனத்தில் யாரும் இருமக்கூட இல்லை. நாத்தனாரின் மகள் கீபோர்டு தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வாசிக்க விடாமல்.

பிறகு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். வரிசையில் நின்ற என்னிடம் ஒவ்வொருவராக வந்தார்கள். "அருமை சிஸ்டர்." "நெஞ்சைத் தொட்டுட்டீங்க." அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒன்றே: "ஆமா, அந்தப் பொண்ணு எவ்ளோ மார்க்கு? கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே? பாஸா ஃபெயிலா?" ஒருவர், தன் மனைவியோடு பந்தயம் கட்டியிருப்பதாகச் சொன்னார். எனக்குத் தெரியாது என்றேன். எழுதினவங்களுக்கே தெரியாதா என்று சிரித்துக்கொண்டு போனார்.

நாத்தனார் மகளிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "அம்மா ரெண்டு இடத்துல வசனத்தை முழுங்கிட்டாங்க," என்றாள். "மத்தபடி ஓகே."

அடுத்த மே மாதம் சபையில் ஒரு மாற்றம் வந்தது. பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் முன்னால் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஒரு பேனா. நானூறு, ஐந்நூறு தாண்டியவர்களுக்குப் பேனாவோடு ஒரு பையும். "உங்க நாடகத்துக்கு அப்புறம்தான் சிஸ்டர் இந்த ஏற்பாடு," என்று செயலாளர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. பை இல்லாமல் நிற்பவர்கள் யார் யார் என்று இப்போது மேடையிலேயே எல்லோருக்கும் தெரிகிறது. அதை அவரிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்து, "அப்ப பையைப் பெருசா இல்லாம சின்னதா வாங்கிடலாமா?" என்றார்.

அதே சமயத்தில்தான் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சபையிலிருந்து அழைத்தார்கள், இந்த நாடகத்தைப் போட முடியுமா, முடிவை மட்டும் கொஞ்சம் நம்பிக்கையூட்டுகிற மாதிரி மாற்றி. முடியாது என்று சொல்லிவிட்டு வைக்க இருந்தேன். நாத்தனார் போனை வாங்கி, "வரோம் சார், வண்டி கீது" என்று சொல்லிவிட்டாள். "அங்க போயி நம்மள்து போல போட்டுக்கலாம். நடுவுல ஏறி நிறுத்துவாங்களா இன்னா?"

நிறுத்தவில்லை. அவள் அங்கே இன்னும் நன்றாகச் செய்தாள். முடிந்ததும் நானும் அவள் மகளும் தட்டு, பாய், குடம் எல்லாம் தூக்கி வேனில் ஏற்றினோம். தெர்மாகோல் கதவு உள்ளே நுழையாது. மேலே கேரியரில்தான் கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

நாத்தனாரைக் காணவில்லை. தேடினால், கேட் பக்கத்தில் ஒரு பெண்ணோடு நின்றிருந்தாள். கம்பெனி ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவள் போலிருந்தது. அந்தப் பெண்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"கரண்டி காம்பால அடிச்சிட்டேங்க. முதுகுல. பையன் மூணு வாரமா என்கூடப் பேசல."

நாத்தனார் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எனுக்கு கையி," என்றாள். "ஒரு வாரம் எரிஞ்சிகினே இருந்துச்சி."

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் எந்த ஷிப்ட், எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் எங்கே வேலை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு முடிகிற மாதிரி தெரியவில்லை. முதல் தூறல் விழுந்தது. தெர்மாகோல் நனைந்து சாயம் போனால் அவ்வளவுதான், புதிதாகச் செய்ய எனக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போகும். மகள் டிரைவர் சீட்டில் ஏறி இரண்டு முறை ஹாரன் அடித்தாள். "இரு வரேன்," என்று அங்கிருந்தே கையைக் காட்டிவிட்டு நாத்தனார் மறுபடி அந்தப் பெண் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, வேன் மேலே ஏறி, கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தக் கதவைத் தார்ப்பாயால் மூடத் தொடங்கினேன்.